கைமாத்து வாங்கியவர் வீட்டில் சாவு: போவதா, எவ்வளவு கொடுப்பது? (கொரோக்கா, பப்புவா நியூ கினி)

கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 9

எல்லாருக்கும் வணக்கம். கொரோக்கா என்கிற மலையூருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஊர் கிட்டத்தட்ட 1600 மீட்டர் உயரம். ஏற்காட்டுக் குளிருக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு பொங்க மறுக்கிறது என்பதைத் தவிர பெரிய குறை எதுவும் இல்லை.

இப்போது ஒரு சிக்கல். எங்கள் குடியிருப்பு கேட்டில் ராத்திரிக் காவலுக்கு இருப்பவர் நவம்பரில் என்னிடம் 200 கினா கைமாத்து கேட்டார். ‘அடுத்த ஃபோட்நைட்டில் தந்துவிடுகிறேன்’ என்றார். (இங்கே சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அந்த வெள்ளிக்கிழமையைச் சுற்றித்தான் ஊரே நடக்கிறது.) கொடுத்தேன். அடுத்த ஃபோட்நைட் போனது, அதற்கடுத்ததும் போனது. ஒரு தடவை ஞாபகப்படுத்தினேன், தலையை ஆட்டினார். பொங்கல் சமயத்தில் ஒரு மூட்டை கௌகௌ, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொண்டுவந்து வராந்தாவில் இறக்கினார். சந்தை விலையை விசாரித்து 30 கினா கையில் கொடுத்தேன். பாவம், கஷ்டப்படுகிறவர், சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாதில்லையா. அப்புறம் என்னவோ முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. முன்பெல்லாம் ‘மோனிங் டீசா’ என்று நூறடி தூரத்திலேயே குரல் வரும். இப்போது கேட்டை மட்டும் திறக்கிறார். பணத்தை ஞாபகப்படுத்தியதில் கோபம் போல.

நேற்று அவருடைய அம்மா தவறிவிட்டார். கல்லூரியிலிருந்து வெள்ளிக்கிழமை லாரியில் ‘ஹவுஸ் கிராய்’க்குப் போகிறார்கள். நான் போகலாமா? எவ்வளவு கொடுப்பது? ‘அந்த 200ஐக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், துட்டிக்குத் துட்டியும் ஆச்சு, கடனுக்குக் கடனும் ஆச்சு’ என்கிறார் வீட்டம்மா. பாதி கிண்டல், பாதி நிஜம்.

வேலியோரம் | பிப்ரவரி 9

தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில், அதாவது மோஸ்பியில், ஆறு வருஷம் இருந்தவன் சொல்கிறேன். முதல் விதி, கைமாத்து கொடுக்காதே. இரண்டாவது விதி, முதல் விதியை மறக்காதே. ஒருவருக்குக் கொடுத்தால் மறுநாள் அவருடைய வான்டோக் நாலு பேர் வாசலில் நிற்பார்கள். ‘வான் டோக்’ என்றால் ஒரே பேச்சு, அதாவது ஒரே மொழிக்காரர். 800 மொழிக்கு மேல் இருக்கிற நாட்டில் தன் மொழி பேசுகிறவன் கிட்டத்தட்டச் சொந்தக்காரன். அவன் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது.

இதை வெளிநாட்டுக்காரர்கள் அழகாகப் பார்ப்பார்கள். எங்கள் அலுவலக எழுத்தர் ஒருவர் சம்பள வெள்ளிக்கிழமை மத்தியானமே என் மேஜைக்கு வந்து, பாதிச் சம்பளத்தை ஒரு கவரில் போட்டு, ‘திங்கட்கிழமை வரைக்கும் நீங்கள் வைத்திருங்கள்’ என்பார். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மச்சான், மச்சானின் மச்சான் எல்லாரும் கேட்டுத் தீர்த்துவிடுவார்களாம். ‘என்னிடம் இல்லை’ என்று பொய் சொல்லாமல் சொல்வதற்காக என்னிடம் கொடுத்து வைப்பார். அவர்களுக்கே அவ்வளவு சுமை, நமக்கு எதற்கு?

கவரில் 50 கினா போட்டு ஆபீஸ் ஆளிடம் கொடுத்தனுப்புங்கள். நேரில் போக வேண்டாம்.

சுக்குக்காப்பி | பிப்ரவரி 9

ஹவுஸ் கிராய் என்றால் அழுகிற வீடா? ஆங்கிலத்தை உரித்து எடுத்த மாதிரி இருக்கிறதே அந்த ஊர்ப் பொதுமொழி டோக் பிசின்! ஏப்ரலில் பக்கத்து நாடான சாலமன் தீவுகளின் ஹோனியாராவுக்குப் போகிறேன், அதனால் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

லே கல்லாப்பெட்டி | பிப்ரவரி 10

வாத்தியாரே, கதையைப் படித்துக்கொண்டே வந்தேன், 30 கினா என்ற இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அந்த மூட்டை விற்பனைக்கு வந்தது இல்லை. அவரிடம் 200 கினா இல்லை, தோட்டம் இருக்கிறது. அவர் வீட்டுப் பெண்கள் வெட்டிய கிழங்கைத் தோளில் சுமந்து வந்து உங்கள் வராந்தாவில் வைத்தார். ‘வாங்கியதை மறக்கவில்லை, நமக்குள் போக்குவரத்து இருக்கிறது’ என்பதுதான் அதற்கு அர்த்தம். நீங்கள் விலை விசாரித்து நோட்டை எண்ணிக் கையில் வைத்தீர்கள். நம்மூரில் பக்கத்து வீட்டம்மா ஒரு தூக்கில் பாயசம் கொண்டுவந்தால், லிட்டர் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், அதே முகம்தான் கிடைக்கும். 200ஐக் கேட்டதில் அவருக்குக் கோபம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே யாரும் கேட்பதற்குக் கூச்சப்படுவதும் இல்லை, கேட்டதற்குக் கோபப்படுவதும் இல்லை.

நான் இங்கே லே துறைமுக நகரத்தில் பதினோரு வருஷமாக ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பற்றும் வரவும் சமன் ஆகாமல் எனக்குத் தூக்கம் வராது. இந்த ஊரில் அதை விட வேண்டியிருந்தது. மவுண்ட் ஹாகன் பக்கம் ‘மோக்கா’ என்று ஒரு வழக்கம். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்குப் பன்றிகளும் முத்துச்சிப்பிகளும் கொடுக்கும். வாங்கியவர்கள் பிற்பாடு அதைவிடக் கூடுதலாகத் திருப்பவேண்டும். மோக்கா என்ற பெயரே அந்தக் கூடுதலுக்குத்தான். வாங்கியதை மட்டும் எண்ணித் திருப்பினால் அது வெறும் கடனடைப்பு, பேர் கிடைக்காது. சேர்த்து வைத்தவனைவிட அள்ளிக் கொடுத்தவனைத்தான் பெரிய மனிதன் என்பார்கள். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நாட்டுப் பணத்துக்கே கினா என்ற பெயர் அப்படிக் கைமாறிய முத்துச்சிப்பியிலிருந்து வந்ததுதான். சில்லறைக்குப் பெயர் ‘தோயா’. அதுவும் ஒரு சிப்பி வளையம்.

அதனால் வேலியோரம் அண்ணே சொல்வதுபோல் கவர் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள். ஒரு பேல் அரிசி (ஒரு கிலோப் பொட்டலம் பத்து சேர்ந்த கட்டு), சர்க்கரை, தேயிலை, முடிந்தால் ஒரு அட்டைப்பெட்டி டின் மீன். பணம் சின்னக் கவரில். 200 பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். போய் உட்காருங்கள், உட்கார்வதுதான் முக்கியம். வாட்சைப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. எப்படி இறந்தார் என்று கேட்கவே கேட்காதீர்கள். வயதானவர் என்றாலும்கூட. மலை மாகாணங்களில் ஒரு சாவு நடந்தால் ‘யார் செய்தது’ என்ற பேச்சு தானாக எழும். அந்தச் சந்தேகத்தில் பெண்களை அடித்துக் கொன்றிருக்கிறார்கள். சூனியத்தைக் காரணம் காட்டித் தண்டனை குறைக்க இடம் தந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை 2013இல்தான் நீக்கினார்கள். வெளியாள் வாயிலிருந்து வரும் ஒரு சாதாரணக் கேள்வி அங்கே சாதாரணமாக இருக்காது.

கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 10

அண்ணே, 30 கினாவை நான் எண்ணித்தான் கொடுத்தேன். மூன்று பத்து. ஒவ்வொன்றாக. அவர் கையை நீட்டக்கூட இல்லை, நான்தான் உள்ளங்கையில் வைத்து மடக்கிவிட்டேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வீட்டம்மாவும் வருகிறேன் என்கிறார். வரலாமா? நாங்கள் சைவம், சாப்பாட்டில் சங்கடம் வருமா?

மழைக்குருவி | பிப்ரவரி 10

தாராளமாக வரட்டும். நான் மோஸ்பியில் மூன்று வருஷம், இப்போது வனுவாட்டுவில் போர்ட் விலாவில். தங்கைக்குச் சொல்வது: ஒரு மேரி பிளவுஸ் வாங்கிக்கொள்ளுங்கள். தோள் தொளதொளவென்று முழங்கால் வரை வரும் பூப்போட்ட மேல்சட்டை, கொரோக்கா சந்தையிலேயே கிடைக்கும். கீழே பாவாடை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் இருப்பார்கள், பெண்களோடு போய்த் தரையில் உட்காருங்கள். உட்கார்ந்திருக்கிற யாருடைய காலையும், வைத்திருக்கிற சாப்பாட்டையும் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். பெண் தாண்டுவது அங்கே பெரிய தப்பு. அவ்வளவுதான். அழத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

இங்கே விலாவில் சாவு என்றால் பாயும் சீட்டித் துணியும். பூப்போட்ட துணியை அப்படியே முழம் முழமாக எடுத்துக்கொண்டு போவோம். சில தீவுக்காரர்கள் நூறாம் நாள்வரை விருந்து வைக்கிறார்கள். ஒருமுறை கடலில் குளிக்கலாம் என்று எஃபாத்தே தீவின் அந்தப் பக்கம் போனோம். கடலுக்கு இறங்கும் பாதையில் ஒரு ஓலை குத்தி வைத்திருந்தது. பார்த்தால் ஈச்ச ஓலை மாதிரிதான் இருக்கும், ‘நமேலே’ என்பார்கள், நாட்டின் கொடியிலேயே இருக்கிறது. டிரைவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்திருக்கிறார், சிலகாலம் அந்தக் கடலில் யாரும் மீன் பிடிக்கவோ இறங்கவோ கூடாது என்று தலைவர் தடை வைத்திருக்கிறார். காவல் இல்லை, கயிறு இல்லை, பலகை இல்லை. ஒரு ஓலை. அதை ஒருவரும் தாண்டவில்லை.

சாயங்காலம் ‘நக்கமால்’ என்கிற காவாக் கடைக்குப் போவதுதான் இங்கே என் கணவருக்குப் பிடித்த வேலை. காவா வேரை இடித்துப் பிழிந்த சாறு. சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும், ருசியும் அதேதான். வாசலில் ஒரு மங்கல் விளக்கு எரிந்தால் காவா தயார் என்று அர்த்தம். சிரட்டையை வாங்கிக்கொண்டு இருட்டுப் பக்கம் திரும்பி ஒரே மூச்சில் குடித்து, துப்பிவிட்டு, வாய்க்கு ஒரு துண்டு வாழைப்பழமோ கிழங்கோ போட்டுக்கொண்டு சும்மா உட்கார வேண்டியதுதான். சத்தமாகப் பேசினால் முறைப்பார்கள். ‘காவாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பார்கள். விலாவில் நானும் போயிருக்கிறேன், தன்னா தீவில் பெண்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. 2024 டிசம்பர் 17இல் 7.3 அளவு நிலநடுக்கம் வந்து ஊர் நடுவே கட்டடங்கள் விழுந்ததே, அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் எங்கள் தெரு நக்கமாலில் விளக்கு எரிந்ததைப் பார்த்துத்தான், சரி, ஊர் பிழைத்துக்கொண்டது என்று நினைத்தேன்.

வேலியோரம் | பிப்ரவரி 11

நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் ஒருவர் பாதியைச் சொன்னால் மீதியை இன்னொருவர் சொல்ல வேண்டும். நான் இருந்த வீட்டுக்கு மூன்று வரிசை ரேசர் கம்பி. மாலை ஆறுக்கு மேல் நடை கிடையாது. கார்க் கண்ணாடியை இறக்கியது இல்லை. 2024 ஜனவரி 10 அன்று போலீஸ்காரர்கள் சம்பளப் பிடித்தம் பற்றி வேலையை நிறுத்தினார்கள், சில மணி நேரத்தில் மோஸ்பியில் கடைகள் சூறையாடப்பட்டு எரிந்தன. மாடியிலிருந்து புகையைப் பார்த்துக்கொண்டு பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷமே கிளம்பினேன்.

போக்குவரத்து, உறவு எல்லாம் சரி. பகலில் போய்ப் பகலில் திரும்பட்டும், அவ்வளவுதான் என் கவலை. வண்டியில் போகும்போது யாரையாவது, எதையாவது இடித்துவிட்டால் நிற்காமல் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போகச் சொல்லுங்கள்.

லே கல்லாப்பெட்டி | பிப்ரவரி 11

அண்ணே சொல்வது அத்தனையும் உண்மை, ஒன்றையும் மறுக்கவில்லை. லேயிலும் கம்பிக்குப் பின்னால்தான் தூங்குகிறேன்.

இடிப்பது பற்றிச் சொன்னீர்களே, எங்கள் கடை டிரைவர் மார்க்கம் சமவெளியில் ஒரு பன்றியை இடித்துவிட்டார். மறுநாள் பேச்சுவார்த்தைக்கு நான் போனேன், கணக்குப் பார்க்கிறவன் என்பதால். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது. பெட்டைப் பன்றி. அதன் விலை ஒன்று. அது போட்டிருக்கக்கூடிய குட்டிகளின் விலை இன்னொன்று. அந்தக் குட்டிகள் வளர்ந்து போட்டிருக்கக்கூடியவை பற்றி ஒரு பெரியவர் ஆரம்பித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தொகைக்கு வந்தோம். கொடுத்து முடித்ததும் அதே ஆட்கள் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து வண்டி ஏற்றிவிட்டார்கள்.

இந்த ஊரில் கோபத்துக்கு ‘பெல்ஹாட்’, வயிற்றுச் சூடு. சண்டை பெரிதாகாமல் இருக்க முதலில் கொடுக்கிற பணம் ‘பெல் கோல்’, வயிறு குளிர. எல்லாரும் ஒப்புக்கொண்டால் ‘வான்பெல்’, ஒரே வயிறு. ஆஸ்திரேலியாக்காரனுக்கு இதை அரை மணி நேரம் விளக்கவேண்டும். வயிற்றெரிச்சல் என்றும் ‘வயிறு குளிர்ந்தது’ என்றும் சொல்லி வளர்ந்த நமக்கு என்ன விளக்கம் வேண்டும்? அதேபோல ‘யூமி’ என்றால் நாம், ‘மிபெலா’ என்றால் நாங்கள். வெள்ளைக்காரர்கள் வருஷக்கணக்காகக் குழப்பிக்கொள்வார்கள். வாத்தியாரே, வெள்ளிக்கிழமை அவர் எதைச் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக் கேளுங்கள்.

பழைய ரபாவுல் | பிப்ரவரி 12

தம்பிமார், தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப பிரிஸ்பேனில். 1986இலிருந்து ரபாவுலில் படிப்பித்தனான். அந்தக் காலத்தில் எங்கட ஆக்கள் கன பேர் ஆசிரியர்களாகப் பப்புவா நியூ கினிக்குப் போனவை.

ஹவுஸ் கிராய் என்று நீங்கள் சொல்லுறது எங்கட செத்தவீடுதான். ரபாவுலில் இருக்கிற தோலாய் சனத்திடம் ‘தபு’ என்ற சிப்பிக் காசு இருக்குது. சின்னச் சின்னச் சிப்பியைப் பிரம்பு நாரில் கோத்து, இரண்டு கையையும் விரிச்சு அளப்பினம். ஒரு பாகம், இரண்டு பாகம். எங்கட கடற்கரையில் தண்ணி ஆழம் அளக்கிற அதே பாகம். சந்தையில் அதைக் குடுத்துச் சாமான் வாங்கலாம், பொம்பிளைப் பணம் கட்டலாம், தெண்டம் கட்டலாம். ஆனால் பெரிய தொகையைச் சக்கரம் மாதிரிச் சுத்திக் கட்டி வீட்டுக்குள்ளே வைச்சிருப்பினம், வருஷக்கணக்காக. அது ஏனென்று எனக்கு விளங்கேல்லை. பக்கத்து வளவுக் கிழவர் ஒருத்தர் செத்த அண்டைக்குத்தான் விளங்கினது. அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சக்கரங்களை வெட்டி, வந்திருந்த எல்லாருக்கும் துண்டு துண்டாகக் குடுத்தினம். எனக்கும் ஒரு சின்னத் துண்டு. நான் அவருக்கு ஒண்டும் செய்யேல்லை, காலையில் ‘மோனிங்’ சொன்னதைத் தவிர. வேண்டாமெண்டு சொல்லப் பார்த்தன், பக்கத்தில் நிண்ட மாணவன் என்ட கையை அமத்தினான்.

1994 செப்டெம்பர் 19 காலமை தவுர்வுர், வல்கன் என்ற இரண்டு எரிமலையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக வெடிச்சது. முதல் நாள் இரவு முழுக்க நிலம் ஆடினதால் சனம் அதுக்கு முதலே வெளியேறிவிட்டுது. பிறகு பார்க்கப் போனால் எங்கட வீட்டுக் கூரை சாம்பல் பாரத்தில் இடிஞ்சு விழுந்துவிட்டுது. புத்தகம், படம், சர்டிபிகேட் எல்லாம் உள்ளுக்கை. அந்தத் தபுத் துண்டு மட்டும் பேர்ஸில் இருந்ததால் தப்பினது. இப்பவும் இருக்கு.

தம்பி, செத்தவீட்டுக்குப் போங்கோ.

சுக்குக்காப்பி | பிப்ரவரி 12

ஐயா எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை. நன்றி.

தலைப்பை விட்டு ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். அங்கே எல்லாரும் பாக்கு போடுவார்களாமே. என் தாத்தா வெற்றிலைப் பெட்டியோடு வளர்ந்தவன் நான், சமாளித்துவிடுவேன் அல்லவா? அப்புறம், டோக் பிசினில் திருக்குறள் வந்திருக்கிறதாமே, உண்மையா?

லே கல்லாப்பெட்டி | பிப்ரவரி 12

தாத்தாவின் பெட்டி உதவாது. ‘புவாய்’ என்பது பச்சைப் பாக்கு, நார் உரித்து அப்படியே கடிப்பது. வெற்றிலை கிடையாது, வெற்றிலைக் கொடியின் காய் மாதிரி நீளமாக ஒன்று, ‘டாக்கா’. அதன் நுனியைச் சுண்ணாம்பில் தொட்டு, பாக்கு மென்று குவிந்திருக்கிற இடத்தில் வைத்துக் கடிக்க வேண்டும். கன்னத்தில் பட்டால் தோல் உரிந்துவிடும், எனக்கு ஒரு வாரம் ரசம் சாதம்தான். முதல் தடவை தலை சுற்றி வியர்க்கும், பக்கத்தில் இருப்பவர்கள் சந்தோஷமாகச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மோஸ்பியில் 2013இல் தெருவில் விற்கத் தடை போட்டார்கள், 2017இல் தளர்த்தினார்கள். கண்ட இடத்தில் துப்பாதீர்கள், அவ்வளவுதான்.

குறள் உண்மைதான். 2023 மே மாதம் மோடி மோஸ்பி வந்தபோது வெளியிட்டார்கள். மொழிபெயர்த்தவர்கள் மேற்கு நியூ பிரிட்டன் ஆளுநர் சசீந்திரன் முத்துவேலும் அவர் மனைவி சுபாவும். தமிழ்நாட்டிலிருந்து வந்து கடை நடத்தி, 2012 தேர்தலில் நின்று ஜெயித்தவர். வான்டோக் ஓட்டு ஒன்றுகூட இல்லாமல் எப்படி ஜெயித்தார் என்பதற்குத் தனி இழை தொடங்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 15

போய்விட்டு வந்தோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் திறந்த லாரி, பதினெட்டுப் பேர், நடுவில் அரிசி பேல்கள், ஒரு கட்டு விறகு, கால் கட்டிய இரண்டு கோழி. அசாரோ போகும் ரோட்டில் கொஞ்ச தூரம், அப்புறம் காப்பித் தோட்டம் நடுவே மண்பாதை. ஊர் தெரிவதற்கு முன்னாலேயே லாரியில் இருந்த பெண்கள் குரலெடுக்க ஆரம்பித்தார்கள். அதுவரை என் வீட்டம்மாவிடம் சௌசௌக் கொடியின் கொழுந்தை எப்படிப் பொரியல் செய்வது என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். உள்ளேயிருந்து பதில் குரல் வந்தது. ராகம் எனக்குத் தெரிந்த ராகமாக இருந்தது. எங்கள் ஆச்சி செத்தபோது கேட்டது.

நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நெருங்கிய பெண்கள் முகத்திலும் கையிலும் களிமண் பூசியிருந்தார்கள். வீட்டம்மா மேரி பிளவுஸில் நேராகப் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கிழவி அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார், அப்புறம் இரண்டு மணி நேரம் நான் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் மூத்த விரிவுரையாளர் ஒருவர் எழுந்து பேசினார். யார் யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கவர்களை உயர்த்திக் காட்டி ஒப்படைத்தார். ‘டீசா பிலோங் இந்தியா’ என்று என் அரிசியையும் சொன்னார். ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். மொய் நோட்டேதான். லே அண்ணன் சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அவர் வந்தார். முகமெல்லாம் மண். நான் ‘சோரி துமாஸ்’ என்றேன், அதற்கு மேல் எனக்கு டோக் பிசின் வரவில்லை. கையைப் பிடித்தார், விடவில்லை. குலுக்கவும் இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, வாட்சைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். அப்புறம் புல்லைக் காட்டிச் சொன்னார்: ‘யூமி சிந்தாவுன் பஸ்தாய்ம்.’ நாம் முதலில் உட்காருவோம்.

அண்ணே, யூமிதான் சொன்னார். இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

உட்கார்ந்தோம். தேத்தண்ணியா சர்க்கரைப் பாகா என்று தெரியாத ஒன்று, பல்லுடைக்கிற கெட்டி பிஸ்கட். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன், சொன்னார். என் அம்மா இருக்கிறாரா என்று கேட்டார், சொன்னேன். 200ஐ அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வேலியோரம் அண்ணனுக்காக: நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம், இருட்டுவதற்குள் வீடு.

வேலியோரம் | பிப்ரவரி 15

நல்லது. பத்திரமாக வந்ததில் சந்தோஷம். அந்த 200 வராது, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லே கல்லாப்பெட்டி | பிப்ரவரி 15

எழுத வேண்டாம், அந்த நோட்டை மூடிவிடுங்கள். ஆனால் இன்னும் முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். ஹவுஸ் கிராய் கலையும் நாளில் முமு போடுவார்கள். குழியில் சுட்ட கல், வாழையிலை, கிழங்கு, கீரை, பன்றி. உங்கள் பங்கு வீடு தேடி வரும். சைவம் என்று கதவைச் சாத்திவிடாதீர்கள்.

கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 22

வந்துவிட்டது! நேற்று சாயங்காலம், வாழையிலைப் பொட்டலம், என் தொடை கனம். அவரே கொண்டுவந்தார், ‘மோனிங் டீசா’ என்று சொல்லிக்கொண்டே (மணி ஐந்தரை). உள்ளே கிழங்கு, கீரை, நடுவே கொழுப்போடு பெரிய பன்றித் துண்டு. வீட்டம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு நிற்கிறேன். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய ரபாவுல் | பிப்ரவரி 22

பிரிச்சுக் குடுங்கோ தம்பி. வாங்கினதில் ஒரு பங்கைத் தாங்கள் வைச்சுக்கொண்டு மிச்சத்தைக் கையோடு கைமாத்துறதுதான் அவையின்ட வழக்கமும். கிழங்கை நீங்கள் எடுங்கோ, இறைச்சியைப் பக்கத்து வீட்டுக்குக் குடுங்கோ. யாரிடம் இருந்து வந்ததெண்டு சொல்லிக் குடுக்கோணும், அது முக்கியம்.

மழைக்குருவி | பிப்ரவரி 22

கிழங்கும் பன்றியோடுதானே வெந்தது, ஐயா! தங்கைக்கு அதுவும் வேண்டாம். மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 23

மூன்றாம் வீட்டு, சிம்பு மாகாணத்துக்காரர் குடும்பத்துக்குக் கொடுத்தோம், யார் வீட்டு முமு என்று சொல்லி. ஏழு மாதமாக அவர்களோடு புருவத்தைத் தூக்குவதோடு சரி (இங்கே அதற்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம், எதற்கு ஆமாம் என்று இதுவரை தெரியாது). அந்த வீட்டம்மா பொட்டலத்தை முகர்ந்து பார்த்துப் பெரிதாகச் சிரித்தார்.

இன்று காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு முட்டைக்கோசு. மண் ஒட்டியது, பனியோடு, ஒரு கைக்குழந்தை அளவு. யாரும் இல்லை. இதற்கு நான் என்ன கொடுக்க வேண்டும்?

லே கல்லாப்பெட்டி | பிப்ரவரி 23

இப்போதைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். கூட்டு வையுங்கள்.